கொழுத்த கால்

போன சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வந்த என் அண்ணன் மகள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தாள். உள்ளே ஐந்து துணித் துண்டுகள். ஒன்று பூப்போட்டது, ஒன்று புள்ளிபோட்டது, மற்றவை கோடும் கட்டமும். ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்திருந்தன. நடுவில் ரிப்பன் கட்டி, ரிப்பனில் ஒரு மரப் பொத்தான் வேறு. விலைச் சீட்டைப் பிய்க்க மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை. 68 வெள்ளி.

"அத்தை, ஒட்டுப்போர்வை தைக்கணும் தைக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அதுக்குத்தான். ஃபேட் குவார்ட்டர். வெட்டியே விக்கிறாங்க."

அந்த "ரொம்ப நாளா"வை அவள் அவ்வளவு இழுத்திருக்க வேண்டாம்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எங்கேயோ ஒரு ஆலையில் முழுசாக நெய்த துணியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, கடையில் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிவந்து இன்னும் சின்னதாக வெட்டுகிறோம். பிறகு ராத்திரி பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டுகிறோம். ஒட்டி முடித்தால் கிடைப்பது முழுத் துணி. இதற்கு அந்த ஆலையிலேயே சொல்லிவிட்டிருக்கலாம்.

பொட்டலத்துக்குள் ஒரு தாளும் இருந்தது. ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது, ஆனால் யோசித்து அடுக்கியது போலவும் தெரியக்கூடாதாம். கையில் அகப்பட்டதை எடுத்துத் தைத்த மாதிரி இருக்க வேண்டுமாம். அந்தத் தோற்றத்துக்கு 'ஸ்கிராப்பி' என்று பெயர். என் அம்மா தைத்த போர்வைக்கு அந்தத் தோற்றம் தானாகவே வாய்த்தது. கையில் அகப்பட்டதே அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். கால் அங்குலத் தையலைப் பிசகாமல் நேராகப் போடுவது எப்படி என்பதுதான் அது. பல வருடம் விரலில் ஊசி குத்தி நானே கண்டுபிடித்த வழி, யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை.

ஃபேட் குவார்ட்டர் என்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கொழுத்த கால். தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் திருப்பி, "ஆடா, கோழியா?" என்றார்.

நான் தமிழ்ப்பள்ளியில் 32 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பின்னம் ஒன்று எதிரே வந்தால் என்னால் பேசாமல் கடந்துபோக முடியாது. 44 அங்குல அகலத் துணியில் ஒரு கெஜம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வழக்கம்போல் குறுக்கே கால் கெஜம் வெட்டினால் 9க்கு 44 கிடைக்கும், தலைப்பாகைக்குக்கூட ஆகாத ஒரு நாடா. அதையே அரை கெஜமாக வெட்டி நடுவில் பிளந்தால் 18க்கு 22. பரப்பளவு இரண்டுக்கும் 396 சதுர அங்குலம்தான், ஒரு நூல்கூடக் கூடுதல் இல்லை. ஆனால் 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிப் பாருங்கள். மெலிந்த காலில் எட்டுத் தேறும், கொழுத்த காலில் பன்னிரண்டு. ஆக, கணக்கு சரியான கணக்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது.

ஆனால் காலோடு நிற்பானேன்? நம் முன்னோர்கள் காலைப் பார்த்துத் திருப்திப்பட்டவர்களா? காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி வீசம், அதுவே மாகாணி, பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவ்வளவு கத்தரித்தும் ஒரு இடத்திலாவது கொழுத்தது, மெலிந்தது என்று யாருடைய உடம்பையும் அவர்கள் குறை சொல்லவில்லை.

ஒரு கெஜம் துணி 1584 சதுர அங்குலம். அரைக்கால் கெஜத்தை 9க்கு 22 என்று வெட்டினால் அதற்கும் கடையில் 'கொழுத்த' பட்டம் உண்டு. கொழுத்த அரைக்கால்! கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்துத் துரைதான் நினைவுக்கு வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, இரண்டுக்கும் நடுவில் ரோஜா நிறத்தில் நாலு அங்குலம். அதைப் பார்த்து நாங்கள் ஓடி ஒளிவோம்.

மாகாணி 99 சதுர அங்குலம், ஏறக்குறைய பத்து அங்குலச் சதுரம். பத்து அங்குலச் சதுரங்களை அடுக்கி விற்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லேயர் கேக். இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சுருட்டி விற்றால் ஜெல்லி ரோல். தைக்கிற சாமானுக்கு எதற்குத் தின்கிற பெயர் என்று ஏளனம் செய்ய வாயெடுத்தேன். அதற்குள் முந்திரி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். நம் ஆட்கள் முந்நூற்றிருபதில் ஒன்றுக்கே பாயசச் சாமான் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு கெஜத்தில் முந்திரி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். இரண்டே கால் அங்குலச் சதுரம், அதிலும் மயிரிழை குறைவு. அந்த அளவுத் துண்டுகள் என்னிடம் மூன்று மைலோ டின் நிறைய இருக்கின்றன. உங்களிடமும் இருக்கும். "ஒரு நாளைக்கு உதவும்" என்று சொல்லித்தானே போட்டு வைத்தோம்.

காணிதான் கொஞ்சம் தொண்டையில் சிக்கியது. துணிக்கணக்கில் அது நாலரை அங்குலச் சதுரம், கைக்குட்டைக்குக்கூடக் காணாது. மூன்று தலைமுறை காட்டை அழித்து மரம் நட்ட எங்கள் ஆட்களுக்குக் காணி என்று ஒன்று வாய்த்தது இந்த அளவில்தான்.

சரி, காலுக்கே வருகிறேன். கால் கெஜத்தை வெட்டி, கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். கால் அங்குலம் பிசகாமல் இருக்க மெஷினுக்குத் தனியாக ஒரு கால் விற்கிறார்கள், கால் அங்குலக் கால். என் மெஷினோ காலால் மிதிக்கிற பழைய சிங்கர். ஆக, என் காலால் மிதித்து, மெஷின் காலால் அழுத்தி, கொழுத்த காலைக் கால் அங்குலத்தில் தைக்க வேண்டும். இத்தனை காலும் சேர்ந்து நடந்து போய்ச் சேருகிற இடம் எது தெரியுமா? நான் இதுவரை தொடங்கிய ஐந்து போர்வைகளும் பாதியில் நின்று கால்மிதியாகத்தான் முடிந்தன. வாசலில் ஒன்று, குளியலறையில் இரண்டு, அடுப்படியில் ஒன்று. ஐந்தாவதைப் பூனை எடுத்துக்கொண்டது, அதற்கு நாலு கால்.

"போதும்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு இன்னும் முக்கால் பாக்கி இருந்தது.

ஈப்போவில் போர்வையே எதற்கு என்ற நியாயமான கேள்வியையும் அவர்தான் கேட்டார். மத்தியானம் 33 டிகிரி. பஞ்சு வைத்து மூன்றடுக்காகத் தைத்த ஒன்றைப் போர்த்திக்கொள்வதற்காக ஏர்கான் போட வேண்டும். ஏர்கான் போட்டால் மின்சாரக் கட்டணத்தில் துண்டு விழும். விழட்டும், அதையும் சேர்த்துத் தைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் செய்திக்குத் திரும்பிவிட்டார்.

துணி இல்லாமலா நான் தைக்காமல் இருக்கிறேன்? அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் அலமாரியைத்தான் சொல்கிறேன். வளைகாப்பு, நலங்கு, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள். போன வாரக் கோபத்தில் என்னுடையதை எண்ணினேன். 43. அதில் மஞ்சள் மட்டும் 11. பெரும்பாலும் ஒரு மீட்டர், கை இறுகியவர்கள் கொடுத்தது 80 சென்டிமீட்டர். ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு போர்வை என்றால் அகலத்தில் பதினாலு, நீளத்தில் பதினெட்டு, ஆக 252 சதுரம் வேண்டும். அதற்கு 21 கொழுத்த கால் போதும். என் கீழ்த்தட்டில் ஏழெட்டுக் கட்டிலுக்குத் துணி தூங்குகிறது. நான் தூங்கவில்லை.

அவற்றை வெட்ட முடியாது. வெட்டினால் யாருக்கு எதை வைத்துக் கொடுப்பது? ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் பொடியாக எழுதி வைப்பேன், யார் கொடுத்தது, என்ன விசேஷம் என்று. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே. 2009இல் புந்தோங்கில் ஒரு வளைகாப்பில் நான் கொடுத்த மாம்பழ மஞ்சள், போன ஆவணியில் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்தில் தட்டோடு என் கைக்கே வந்தது. மூலையில் என் கையெழுத்து. அந்த வளைகாப்புப் பிள்ளைக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தத் துணி கோலகங்சார், கம்பார் என்று எத்தனை வீட்டு அலமாரியில் தங்கி வந்ததோ. ஒரு கத்தரிக்கோல்கூட அதைத் தொடவில்லை. சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. கொடுத்த அம்மாள், "உங்களுக்குன்னே பார்த்து எடுத்தேன் டீச்சர்" என்றார். நானும் "நல்ல நிறம்" என்றேன்.

43 போதாதென்று நான் ஜாலான் லஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போதெல்லாம் தீபாவளி மலிவு, பொங்கல் மலிவு என்று அள்ளி வருவது தனிக்கணக்கு. அதை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

அம்மாவுக்கு இப்படி ஒரு கீழ்த்தட்டு கிடையாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அதன்பின் நெற்றி விளக்கோடு மரம் மரமாக. பால் தெறித்த துணி எவ்வளவு கசக்கினாலும் வெளுக்காது, காய்ந்ததும் கறுத்துப் போகும். வேலைச் சட்டையின் முன்பக்கம் ஆறு மாதத்தில் தார்ப்பாய் மாதிரி விறைத்துவிடும். பின்பக்கம் மட்டும் துணியாக இருக்கும். அம்மா அந்தப் பின்பக்கங்களை வெட்டி எடுத்து வைத்துத்தான் போர்வை தைத்தார். கைலியின் கறை படாத பாகம், மாவுச் சாக்கு, அப்பாவின் சட்டை முதுகு. மலையடிவாரத்தில் விடியற்குளிர் கொஞ்சம் கடுமைதான். நானும் தம்பியும் பெற்றவர்களின் முதுகுகளைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். இப்போது எழுதும்போது அழகாக இருக்கிறது. அப்போது ஒட்டுப்பால் வாடை அடித்தது.

ஒட்டுப்பால் உங்களுக்குத் தெரிந்ததுதான். சீவிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்து, மங்கின் அடியில் உறைந்ததைச் சுரண்டி, சாக்கில் சேர்த்து நிறுத்துக் கொடுத்தால் அதற்கு ஒரு சில்லறை. அதை நாற்றம் பார்க்காமல் சேர்த்தவருக்கு ஒட்டுத்துணி சேர்ப்பது பெரிய காரியமா? மலாய்க்காரர்கள் துண்டுத் துணியைப் பெர்ச்சா என்பார்கள், மரத்துப் பாலைக் கெத்தா என்பார்கள். கடலுக்கடியில் போட்ட பழைய தந்திக் கம்பிகளுக்கு உறையாகச் சுற்றினார்களே, அந்தக் கெத்தா பெர்ச்சா, இரண்டும் சேர்ந்த பெயர்தான். பாலும் கந்தலும் ஒட்டிக்கொண்டது எங்கள் வீட்டில் மட்டுமில்லை போலிருக்கிறது.

துண்டு என்ற சொல்லே அப்பாவுக்குப் பிடிக்காது. தோளில் போடுகிற துண்டைக்கூடத் துவாலை என்பார். 1950களின் கடைசியிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சமாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. வேலையோடு லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் துண்டுகளை ஒட்டிய பெரிய வேலை அதுதான். அதற்கு யாரும் ரிப்பன் கட்டவில்லை. நாங்கள் இருந்த தோட்டம் பிறகு செம்பனையானது, செம்பனை பிறகு தாமானானது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

போர்வைக்கே வருகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த பெண்கள் அங்கே கிழிந்த வேலை உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். முட்டி தேய்ந்த கால்சட்டை, வெளுத்த பாக்கெட்டின் அடியில் வெளுக்காமல் இருந்த நீலம், எல்லாம் அப்படியே தெரியும். 2002இல் அவற்றை நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியம் மாதிரி சுவரில் மாட்டினார்கள். 2006இல் அஞ்சல் தலையாகவும் வந்தன. படத்தைப் பார்த்ததும், "இது அம்மா போர்வையாச்சே" என்றான் தம்பி. அம்மா போர்வை எங்கே என்று இருவரும் யோசித்தோம். யோசிக்க வேண்டியதே இல்லை, இருவருக்கும் தெரியும். எங்கள் நாய் குட்டி போட்டபோது அடியில் விரித்தோம். ஆறு குட்டிகள். அவற்றின் நிறமெல்லாம் ஞாபகம் இருக்கிறது, போர்வையில் என்னென்ன நிறம் இருந்தது என்பதுதான் சரியாக நினைவில் இல்லை. அதற்காகத்தான் தைக்கலாம் என்று உட்காருவது. 68 வெள்ளிப் பொட்டலத்தில் அந்த நிறம் ஒன்றும் இல்லை.

சரி, கால் அங்குலத் தையல். பதினாலு சதுரம் வரிசையாகச் சேர்க்கப் பதின்மூன்று தையல். ஒவ்வொரு தையலும் வெறும் வீசம் அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கத் துணியிலும் வீசம் வீசமாக அரைக்கால் அங்குலம் போச்சு. பதின்மூன்று தையலில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குட்டை. அடுத்த வரிசையில் வெளியே தள்ளிப் போனால் அது நெட்டை. குட்டையையும் நெட்டையையும் சேர்த்துத் தைத்தால் போர்வை அப்பளம் மாதிரி அலையடிக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் இருக்கிறது. முதலில் மெஷின் தட்டில்...

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கேட்டைத் தட்டினார்.

அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நூறு வீட்டுத் துணி வாங்கிக் குழந்தைக்குப் போர்வை தைப்பது அவர்கள் வழக்கம். அத்தனை வீட்டு வாழ்த்தும் குழந்தையைப் போர்த்தும் என்று நம்பிக்கை. எனக்கு மனசு இளகிவிட்டது. காசு கொடுத்து வாங்காமல், ரிப்பன் கட்டாமல், வீடு வீடாகக் கேட்டு வாங்குகிற துணி. இதுவல்லவா போர்வை! பெருந்தன்மையோடு கீழ்த்தட்டைத் திறந்தேன். கை தானாக மஞ்சளுக்குப் போனது. பதினொன்று பத்தாகும் என்ற கணக்கும் மனசின் ஓரத்தில் ஓடியதை மறைக்க மாட்டேன்.

அந்த அம்மாள் முழுத் துணியைப் பார்த்து, "ஐயோ, இவ்வளவா? வேண்டாம் வேண்டாம்" என்று மலாயில் பதறி, என் கத்தரிக்கோலையே வாங்கி, மூலையில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முந்திரியைவிடக் கொஞ்சம் பெரிது. வெட்டியது பென்சில் எழுத்து இருந்த மூலை. இப்போது அதை யார் கொடுத்தார்கள் என்றும் தெரியாது, மூலை போன துணியை யாருக்கும் வைத்துக் கொடுக்கவும் முடியாது. மஞ்சள் இன்னமும் பதினொன்றுதான்.

அதை வைத்துப் போர்வையைத் தொடங்கலாம் என்று மெஷினில் உட்கார்ந்தேன். பாலியெஸ்டர். வழுக்கிக்கொண்டு ஓடியது. கால் அங்குலம், அரை அங்குலம், ஒன்றும் இல்லாத அங்குலம் என்று மூன்று தையல் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டேன். பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது.

அண்ணன் மகள் கொண்டுவந்த பொட்டலத்தின் ரிப்பனை நான் அவிழ்க்கவில்லை. விலைச் சீட்டை மட்டும் பிய்த்துவிட்டு, உள்ளே ஒரு துண்டின் மூலையில் பென்சிலால் பொடியாக எழுதிக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் புந்தோங்கில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. ரிப்பனும் மரப் பொத்தானுமாகத் தட்டில் பார்க்க எடுப்பாக இருக்கும். சுற்றிச் சுற்றி உங்களில் யார் கைக்காவது அது வந்து சேர்ந்தால், தயவுசெய்து உடனே வெட்டித் தைத்துவிடுங்கள். என் வீட்டு விசேஷத்துக்குக் கொண்டு வராதீர்கள்.